ஸ்டெல்லா எழுதாத கணக்கு

ஸ்டெல்லா அக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மகனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். யாரோ அனுப்பியிருந்த கன்டெய்னர் போட்டோவுக்குக் கீழே ஒரு மெழுகுவத்திப் படம். அதற்குக் கீழே எங்கள் ஜி.எம். எழுதியிருந்தார்: “நம் நிறுவனத்தின் தூண் சாய்ந்தது.” வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. பெயரை நான் படித்து முடிப்பதற்குள் மகன் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். தரையில் ஓடிய சாம்பாரைத் துடைத்துக்கொண்டேதான் அழுதேன். ஆறு மாதமாகக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தவர். எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்தோம் என்பதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில், ஜெபம் முடிந்து எல்லோரும் மண் போட்டுக்கொண்டிருந்தபோது, காலையில் தூண் என்று எழுதிய அதே ஜி.எம். வங்கி அதிகாரி ஒருவரிடம் தாழ்ந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது. “எல்லாத்தையும் அவிங்க ஒருத்தரேதானுங்க பாத்துட்டு இருந்தாங்க. என்னென்ன பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கறாங்களோ, இனிமேலுதான் தெரியோணும்.” அந்தப் பேச்சு என் காதில் மட்டும் விழவில்லை. இரண்டடி தள்ளி நின்ற ஜெனியின் காதிலும் விழுந்தது. ஜெனி ஸ்டெல்லா அக்காவின் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். கையில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல் என்னிடம் வந்து கேட்டாள்: “அக்கா, எங்கம்மா என்ன பண்ணி வெச்சாங்க?”

அந்த இடத்தில் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது தாமதமாக எழுதுகிறேன். ஜெனிக்காக எழுதுகிறேன். கம்பெனி வேனில் ஜன்னல் சீட்டுக்கு அவரோடு சண்டை போட்டவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் குழுவில் அவர் பக்கத்தில் நின்று பாடியவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ‘ஸ்டெல்லா மேடம் ஏதோ கோல்மால் பண்ணிட்டாங்களாம்’ என்ற பேச்சு உங்களிடமும் வந்திருக்கும். வந்திருந்தால், தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்தவர். எங்கள் பனியன் கம்பெனியில் வரி சம்பந்தமான வேலை முழுக்க அவருடையது. நான் சம்பளக் கணக்கு. எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவில் ஒரு பிரின்டர் உண்டு. அது போடும் இரைச்சலை மீறிப் பேசிப் பேசியே தன் குரல் இப்படி உரத்துப்போய்விட்டது என்று சொல்வார். அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அங்கே பிரின்டர் இல்லை, குரல் மட்டும் அதேதான். ஒரு நாள் மத்தியானம் சாளைக் கருவாட்டுக் குழம்பு டப்பாவைத் திறந்தார். அந்தப் பக்கம் வந்த ஜி.எம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். “ஏனுங்க ஸ்டெல்லாம்மா, ஏசி ரூமுங்களே இது. வாசம் போகவே மாட்டேங்குது.” அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. “பொத்திக்கிடுங்க சார். மார்ச் மாசம் கணக்கு நாறுதப்போ நாங்கல்லாம் பொத்திக்கிட்டுத்தான இருக்கோம்.” ஜி.எம். உட்பட எல்லோரும் சிரித்தோம். அப்போதெல்லாம் இதற்குச் சிரிக்க முடிந்தது.

மார்ச் மாதக் கணக்கு ஏன் நாறுகிறது என்று தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நூல் வாங்குகிறோம். நிட்டிங்கில் அது துணியாகிறது, டையிங்கில் சாயம் ஏறுகிறது, கட்டிங்கில் வெட்டுப்படுகிறது. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் எடை குறையும். அதற்கு ‘லாஸ்’ என்று பெயர். தவிர்க்க முடியாதது. ஆனால் எவ்வளவு குறைந்தது என்பதைத் தராசு மட்டும் சொல்வதில்லை, வருடக் கடைசியில் முதலாளியும் சொல்வார். ஆர்டர் கொட்டிய வருடங்களில் லாபம் அதிகம், லாபம் அதிகமானால் வரியும் அதிகம். அதனால் அந்த வருடங்களில் மட்டும் எங்கள் துணி வழக்கத்தைவிட அதிகமாக வீணாய்ப் போகும். லாபம் சுருங்கும், வரியும் சுருங்கும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஒரு வருடம் அப்படி எழுதியது தானேதான் என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். “முதலாளி சொன்னாரு, ஆடிட்டர் தலையாட்டுனாரு, நான் எழுதுனேன். நாளைக்கு நான் செத்தா ஸ்டெல்லா உத்தமின்னு எவகிட்டயும் சொல்லிராத பிள்ள. எனக்கே சிரிப்பு வந்திரும்.” அதனால் உத்தமி என்று நான் சொல்லவில்லை. அவர் செய்தது இது, அவரே ஒப்புக்கொண்டதும் இது. இப்போது அவர் தலையில் கட்டுவது வேறு ஒன்றை. அவர் செய்ய மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒன்றை.

மூன்று வருடத்துக்கு முன் மும்பைக்காரர்கள் சிலர் எங்கள் கம்பெனியில் பங்கு வாங்கப் போவதாகப் பேச்சு வந்தது. பங்குக்கு என்ன விலை என்பதை லாபம்தான் முடிவு செய்யும். இத்தனை வருடம் வரிக்குப் பயந்து லாபத்தைச் சுருக்கிக்கொண்டிருந்த கம்பெனிக்கு ஒரே நாளில் லாபம் தேவைப்பட்டது. குறைத்துப் பழகிய கை இப்போது கூட்ட வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. வருடக் கடைசியில் கையிருப்பாக எவ்வளவுக்கு எவ்வளவு துணி மிஞ்சியதாகக் காட்டுகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு லாபம் கூடித் தெரியும். நம் குடோனில் இருக்கும் துணியை யாராவது வந்து எண்ணிவிடலாம். வெளியே சாயம் போடக் கொடுத்த துணியை யார் போய் எண்ணப் போகிறார்கள்? ஆகவே இல்லாத துணியெல்லாம் டையிங்கில் நின்றது. “இவ்வளவு டன் எங்க சார்?” என்று கேட்டால், “டையிங்ல நிக்குதுங்க” என்பார் ஜி.எம். கொஞ்ச நாளில் அது ஆபீஸில் எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. என் லீவு என்னாயிற்று என்று கேட்டால் டையிங்கில் நிற்கிறது என்பார்கள். இன்கிரிமென்ட் டையிங்கில் நிற்கும். கான்டீன் வடை டையிங்கில் நிற்கும்.

பொய் சொல்கிறவருக்குத் தன் ஊரில் என்ன நடக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். போன வருடம் மார்ச் கடைசி வாரம், கழிவுநீர் சுத்திகரிக்கும் பொது ஆலையில் ரிப்பேர் என்று எங்கள் பகுதி டையிங் பட்டறைகள் எல்லாமே மூடிக்கிடந்தன. துணி வராமல் நாங்களே கட்டிங் ஆட்களுக்கு லீவு விட்டிருந்தோம். டீக்கடையில் டீ ஆற்றுகிறவர்வரை தெரிந்த விஷயம். எங்கள் கணக்குக்கு மட்டும் தெரியவில்லை. அந்த வாரம்தான் டையிங்கில் என்றும் இல்லாத அளவு துணி நின்றது. அக்கா என் மேசையைத் தட்டினார். “ஸ்கூட்டிய எடு பிள்ள. நம்ம துணி எப்படி நிக்குதுன்னு ஒரு எட்டு பாத்துட்டு வருவோம். இத்தன நாளா நிக்கு, கால் வலிக்கும்லா பாவம்.”

பட்டறை கேட்டில் வாட்ச்மேன் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். உள்ளே மெஷின்கள் காய்ந்து கிடந்தன. எங்கள் கம்பெனி பெயரைச் சொல்லி, துணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அக்கா முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார். “துணியா? இங்கெங்கீங்கம்மா துணி. நாயி படுக்கறதுக்கு ஒரு சாக்கு விரிச்சுருக்கறேன், வேணும்னா அதைப் பாருங்க” என்றார் அவர். திரும்பி வரும்போது பின்சீட்டில் அக்கா சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. ஆபீஸ் வாசலில் இறங்கியபோது அந்தச் சிரிப்பு இல்லை.

நேராக ஜி.எம். அறைக்குப் போனார், நானும் கூடப் போனேன். “சார், துணி நிக்கல. நாய்தான் படுத்துக் கெடக்கு.” ஜி.எம். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க ஸ்டெல்லாம்மா? நீங்க வரியை மட்டும் பாருங்க.” அக்கா விடவில்லை. “வரியத்தான் பாக்கேன். இல்லாத துணிக்கு லாபம் எழுதுனா, அந்த லாபத்துக்கும் வரி கட்டணும். கட்டுவீங்களா?” “வரி கூடக் கூடாதுங்க. லாபம் மட்டும் கூடோணும். அதுக்குத்தானுங்க நீங்க இருக்கறீங்க.” இவ்வளவு மரியாதையோடு ஒரு அநியாயத்தைக் கேட்க எங்கள் கொங்குப் பக்கத்துக்காரர்களால்தான் முடியும் என்று அன்று எனக்கு என் பேச்சின்மேலேயே வெறுப்பு வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’. அக்கா சொன்ன பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. “லாபமும் வரியும் ஒரே வீட்டுப் பிள்ளைக சார். ஒண்ணு மட்டும் வளருதுன்னா, இன்னொண்ணுக்கு நீங்க சோறு போடல. இல்லன்னா, வளந்ததா நீங்க காட்டுதது வளர்த்தி இல்ல, வீக்கம்.”

வரிக்குச் சோறு போடாமலிருக்க அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புதிதாக ஆட்களை வேலைக்கு எடுத்தால், அந்தச் சம்பளத்தைக் காட்டி வரியில் சலுகை வாங்கலாம். வேலைவாய்ப்பு பெருகட்டும் என்று அரசாங்கம் கொடுத்த சலுகை அது. எங்கள் முதலாளிக்குப் பழைய பார்ட்னர்ஷிப் பெயரில் ஒரு தையல் யூனிட் இருந்தது. அங்கே பல வருடமாக மிஷின் மிதித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் ஒரே நாளில் கம்பெனி பெயருக்கு மாற்றி, புது ஆட்களாகக் காட்டச் சொன்னார்கள். அதே கட்டடம், அதே மிஷின், அதே பி.எஃப். எண். அடையாள அட்டையில் சேர்ந்த தேதி மட்டும் புதிது. மறுநாள் ஓவர்லாக் டெய்லர் பாக்கியம் அக்கா அட்டையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அந்த யூனிட் ஒரு ஷெட்டாக இருந்த காலத்திலிருந்து வேலை பார்க்கிறவர். “ஏங் கண்ணு, நான் எப்பச் செத்தேன், எப்ப மறுக்காப் பொறந்தேன்? இதுல நேத்துத்தான் வந்தேன்னு போட்டிருக்குது.” பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். “அப்படீன்னா பாப்பாவுக்கு மொட்டை அடிச்சுக் காது குத்தோணுமே” என்றார் ஒருவர். பாக்கியம் அக்காவும் சேர்ந்து சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “என்ற சர்வீஸ் எல்லாம் போயிருமா?” என்று கேட்டார்.

அதைக் கேட்டு ஸ்டெல்லா அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முதலாளி, ஜி.எம்., வெளியிலிருந்து வரும் வரி ஆலோசகர் மூவரும் அப்போது மீட்டிங் ரூமில் இருந்தார்கள். சம்பள விவரம் கேட்டு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே உள்ளே வந்து நின்றார். “துணி இல்லாம இருக்குன்னு எழுதுனீங்க. இப்ப இருக்குத ஆள இல்லன்னு எழுதுதீங்க. ஒங்க லாபத்துக்கு நாயோட சாக்கு வேணும், ஒங்க வரிக்குப் பாக்கியத்தோட வயசு வேணுமா? இந்தச் சலுகைய நான் கேட்க மாட்டேன். கேட்டா அது என் கையால இருக்காது.” முதலாளி தண்ணீர் குடித்தார். ஜி.எம்.தான், “சரிங்க சரிங்க, டென்சன் ஆகாதீங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அவர்கள் அதை அப்புறம்தான் பார்த்துக்கொண்டார்கள். அக்கா படுக்கையில் விழுந்த பிறகு.

அது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், இரண்டாவது முறை மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நாள். மகனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பார்க்கப் போயிருந்தேன். தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும், “டையிங்ல போட்டு எடுத்த மாதிரி இருக்கேன்லா” என்று தன் முகத்தைக் காட்டினார். அப்போது அவர் போன் அடித்தது. பேசியது ஜி.எம். அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டார். “உடம்பு எப்படியிருக்குதுங்க ஸ்டெல்லாம்மா? நல்லா ரெஸ்ட் எடுங்க. ஒண்ணுமில்லீங்க, இப்ப உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லிப்போடுங்க.” வரித் துறை இணையதளத்தில் கம்பெனிக்காக அக்காவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். “என்ன சார் ஃபைல் பண்ணுதீங்க?” என்று கேட்டார் அக்கா. “அதெல்லாம் ஏனுங்க இப்ப, உடம்பைப் பாருங்க.” “பாக்கியத்தப் புதுசாப் பொறக்க வெக்கப் போறீங்களா?” “ஓடிபி வந்துருச்சுங்களா?” என்று மறுபடியும் அதையே கேட்டார் ஜி.எம். “சொல்ல மாட்டேன் சார்” என்று சொல்லி அக்கா போனை அணைத்து என் கையில் கொடுத்துவிட்டார். கையில் ஊசி குத்தியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் திரும்பி வாந்தி எடுத்தார்.

பிறகு அவர்கள் அந்தப் போன் எண்ணை மாற்றிக்கொண்டார்கள். ஆலோசகர் வழியாகச் சலுகையும் கேட்டாயிற்று. லாபம் ஒரு பக்கம் ஏறியது, வரி இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது கேள்வி வந்ததும், அதையெல்லாம் செய்தது ஸ்டெல்லாவாம். நீங்களே சொல்லுங்கள், தண்ணீர் டம்ளரைத் தூக்கக் கையில் தெம்பில்லாமல் கோயம்புத்தூரில் படுத்துக் கிடந்தவரா திருப்பூரில் வந்து இதைச் செய்துவிட்டுப் போனார்? இத்தனைக்கும் இதை நம்பச் சொல்கிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டுக்கொள்கிறவர்கள். செத்துப்போனவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டார் என்பதைத் தவிர அவர்கள் கையில் வேறு ஆதாரமே இல்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். மும்பைக்காரர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஆடிட்டர்கள் வருகிறார்கள், லாபம் இவ்வளவு கூடியும் வரி ஏன் கூடவில்லை என்று கேட்கிறார்கள் என்றார். “உன்னையும் ஒரு வார்த்தை கேப்பாங்க கண்ணு. வரி சம்பந்தமானதெல்லாம் ஸ்டெல்லா மேடம் பாத்தாங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிப்போடு. அது நெசந்தானே? செத்தவிங்களுக்கு இனி என்ன ஆகப்போகுது சொல்லு.” நான் எழுந்து கதவுவரை வந்ததும் அன்பாகவே கேட்டார். “பையன் கீழ கிரெச்சுலதானே இருக்கறான்? நல்லாப் பாத்துக்கறாங்களா?”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. என் மகன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில்தான் இருக்கிறான். என் கணவருக்குத் தாராபுரத்தில் வேலை. அம்மாவால் நாள் முழுக்க அவனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அந்தக் காப்பகம் இல்லையென்றால் நான் வேலைக்கு வர முடியாது. அன்றிலிருந்து ஆடிட்டர்கள் வந்த நாள்வரை, வேலைக்கு நடுவில் நடுவில் படியிறங்கிப்போய் மகனை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அவன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைப்பேன். பிறகு சொல்லாவிட்டால் ஜெனியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைப்பேன்.

ஆடிட்டர்களில் ஒருவர் என் வயதுப் பெண். மீட்டிங் ரூமில் கேள்வி கேட்கும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். “ப்ராஃபிட் இவ்ளோ ஏறியிருக்கு, டாக்ஸ் அப்படியே இருக்கே. இந்த நியூ எம்ப்ளாயி க்ளெய்ம் யாரு சார் பண்ணது?” என்றார். ஜி.எம். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். “அது எங்க ஸ்டெல்லா மேடம் பாத்ததுங்க. பாவம், இப்ப அவிங்க இல்லீங்க. வேணும்னா கோகிலாவைக் கேளுங்க.” அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். பேச ஆரம்பித்தபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“அக்கா இந்தச் சலுகையைக் கேக்க மாட்டேன்னு சொன்னாங்கங்க. இதே ரூம்ல, இவிங்க எல்லாரும் இருக்கறப்பத்தான் சொன்னாங்க. இதை ஃபைல் பண்ணுன அன்னைக்கு அவிங்க ஆஸ்பத்திரியில இருந்தாங்க. ஓடிபி கேட்டு போன் வந்துது, தர மாட்டேன்னு சொன்னதை நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன். இதுல புது ஆளுன்னு இருக்கற யாரும் புது ஆளு இல்லீங்க. நான்தான் சம்பளம் போடறேன், எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தா கீழ போய் பாக்கியம்னு கூப்பிடுங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னேன். “டையிங்ல நிக்கற துணியையும் ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துருங்க.” அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு ஜி.எம்மைப் பார்த்தார். ஜி.எம். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் வரவில்லை, திரை அணைந்தே இருந்தது.

பங்கு வியாபாரம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. இப்போதைக்கு நின்றுபோயிருப்பதாகச் சொல்கிறார்கள். என் வேலை போகவில்லை. மேசையை மட்டும் ஸ்டேஷனரி அலமாரிக்குப் பின்னால் மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை மகனை விடப் போனபோது, ஆபீஸ் ஸ்டாஃப் குழந்தைகளுக்கு இனிமேல் காப்பகத்தில் இடமில்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்று அங்கிருந்த ஆயா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒரு வாரமாக அவனை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். எத்தனை நாள் இப்படி ஓடும் என்று தெரியவில்லை. ஆபீஸில் பலர் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் கோபமெல்லாம் காலையில் தூண் என்று எழுதி, சாயங்காலமே அந்தத் தூணுக்குக் கீழே தங்கள் குப்பையைக் கூட்டித் தள்ளியவர்கள்மேல்தான். வரியைக் குறைக்க உயிரோடிருக்கிற ஒருத்தியின் வருடங்களை எடுத்துக்கொண்டார்கள். அகப்பட்டுக்கொண்டதும் இறந்துபோன ஒருத்தியின் பெயரை எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

நேற்று ஜெனியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒரு வருடம் எழுதியதையும் சொன்னேன், மறுத்ததையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. உன் அம்மாவுக்கு இருந்த தைரியத்தில் கால்வாசி எனக்கு இல்லை, மீட்டிங் முடிந்ததும் பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன் என்று சொன்னேன். ஜெனி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அம்மாவும் அப்படித்தான்க்கா. உங்களுக்குத் தெரியாதா? ஜி.எம். கூடச் சண்டை போடப் போற அன்னைக்குக் காலையில ஒண்ணுமே சாப்பிட மாட்டாங்க. வயித்தக் கலக்குதுன்னு ரெண்டு தடவ பாத்ரூம் போவாங்க. வேன் வர்ற வரைக்கும் என் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கை ஜில்லுன்னு இருக்கும்.”

இத்தனை வருடம் பிரின்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரை நான் பயமே அறியாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய வாய்த்துடுக்கையும் சிரிப்பையும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஜில்லிட்ட கையை நான் வைத்துக்கொள்கிறேன்.